பெரிய வளைவு

அந்தப் பஸ்ஸை ஓட்டியவனுக்கு வண்டி திருப்பத் தெரியவில்லை. பழைய நகரத்துக்குள் நுழைகிற இடத்தில் சாலை ஒரு கல்மதிலை ஒட்டிச் சட்டென்று மடங்குகிறது. அங்கே நிதானமாக வெளிப்பக்கம் ஒதுங்கி, முகப்பை முழுக்க முன்னால் விட்டு, பிறகுதான் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். இவன் அவசரப்பட்டு முதலிலேயே ஒடித்தான், மாட்டிக்கொண்டான், பின்னால் எடுத்தான், மறுபடி ஒடித்தான். மதிலோரம் மஞ்சள் குடையோடு நின்றிருந்த ஒரு அம்மாவை உரசாத குறைதான். அந்த அம்மா குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் டிரைவரின் முதுகைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தேன். மலைப்பாதையில் பஸ் ஓட்டியே தலை நரைத்தவன், அடுத்தவன் ஓட்டுகிற வண்டியில் வாயை மூடிக்கொண்டு உட்காருவது லேசான காரியம் இல்லை.

நான் அந்த ஊருக்குப் போனது ஒரு பெண்ணைப் பார்க்க. ஐம்பதைத் தாண்டிய ஆள் இப்படிச் சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கே வந்தது. என் மகளுக்கு மட்டும் வரவில்லை. எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் பேசுவாள் என்று வீட்டில் அவளுக்கு ‘வக்கீல்’ என்று பெயர். அவள் அம்மா இறந்துபோன பிறகு நான் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை. என் தங்கையோடு சேர்ந்துகொண்டாள். தங்கை வேலை பார்க்கிற ஆபீசில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கிறார்கள். அங்கே சுவர், தூண், கூரை எல்லாவற்றையும் அளந்து படம் போடுகிற ஒரு பெண் இருக்கிறார். எனக்கு இரண்டு மூன்று வயது இளையவர். கல்யாணம் ஆகவில்லை. தங்கை அவரை ‘அளவுக்காரம்மா’ என்றே சொல்லுவாள். அதனால் எனக்கும் அவர் அளவுக்காரம்மாதான்.

ஒரே ஒருமுறை போனில் பேசினோம். போட்டோ வேண்டாம் என்று அவர் முன்பே சொல்லிவிட்டாராம். குரல் நிதானமாக இருந்தது.

“பழைய ஊருக்குள்ள வர்றப்ப பெரிய வளைவு இருக்கு பாருங்க, அங்க நிக்கிறேன். உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், சுலபமாத் தெரியும். வேற யாரும் அங்க நிக்க மாட்டாங்க.”

“சரிங்க.”

“போனை வீட்லயே வெச்சுட்டு வந்துடுவேன். கையில இருந்தா ‘வந்துட்டீங்களா, வந்துட்டீங்களா’ன்னு கேக்கத் தோணும். அப்படிக் கேட்டு ஒருத்தர வரவைக்க எனக்கு இஷ்டமில்ல. மத்தியானம் மணிக்கூண்டு அடிக்கிற வரைக்கும் நிப்பேன். அதுக்கு மேல நிக்க மாட்டேன். ஏற்கெனவே ரெண்டு பேருக்காக நின்னு பாத்தாச்சு.”

கடைசி வாக்கியம் எனக்குப் புரியவில்லை. தங்கைதான் விளக்கினாள். இதற்கு முன்னால் இரண்டு பேர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவேயில்லையாம். அதில் ஒருவனுக்காக இருட்டும்வரை நின்றாராம். “அண்ணா, உனக்குப் பிடிக்கலன்னா அங்க போயி நின்னு பிடிக்கலன்னு சொல்லு. ஆனா போகாம மட்டும் இருந்துடாத. இன்னொரு தடவை அவங்க தாங்க மாட்டாங்க” என்றாள். போகாமல் இருந்தால் என் முகத்திலேயே விழிக்க மாட்டாள் என்பது அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

வளைவு என்றால் என்ன என்று வக்கீலிடம் கேட்டேன். “இதுல என்னப்பா சந்தேகம்? நாள் பூரா பழைய கட்டடத்த அளக்குறவங்க வளைவுன்னு சொன்னா ஆர்ச்சுதான். பெரிய பெரிய வாயில் மேல அரைவட்டமா இருக்குமே. அங்க போயி நின்னு ‘நல்லா இருக்கு’ன்னு மட்டும் சொல்லி வெக்காதீங்க. கட்டடத்த ரசிக்கிறவங்க அவங்க. நீங்களா எதையாவது கவனிச்சுச் சொல்லுங்க.”

சரிதான் என்று எனக்கும் பட்டது. ஒரு ஆள் எந்த வேலை செய்கிறாரோ அந்த வேலையின் வார்த்தையில்தானே பேசுவார்.

பஸ் நிலையத்தில் இறங்கி விசாரித்தேன். கடைத்தெரு முகப்பில் ஊரிலேயே பெரிய ஆர்ச் இருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தேன். பெரியதுதான். இரண்டு பஸ்ஸை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் மேலே இடம் இருக்கும். ஆனால் ‘வேற யாரும் நிக்க மாட்டாங்க’ என்று அவர் சொன்ன இடத்தில் பாதி ஊர் நின்றிருந்தது. பழக்கடைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், கைப்பேசியை நீட்டிப் படம் பிடிக்கிறவர்கள், யாருக்கோ காத்திருக்கிறவர்கள். தனியாக நிற்கிற பெண் என்று பார்த்தால் ஏழெட்டுப் பேர் தேறினார்கள். நான் யாரை என்று கேட்பது?

கண்ணாடி போட்டுக்கொண்டு மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போனேன்.

“ஏங்க, நீங்க... அளவு எடுக்கறவங்களா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தையல்காரர் கடையா? அது இங்க இல்லைங்க. பஸ் திரும்புற இடத்துல, மதிலுக்கு எதிர்த்தாப்புல இருக்கு” என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன். சட்டை தைக்க வந்த ஆள் மாதிரியா இருக்கிறேன் என்று எரிச்சலாக இருந்தது.

வெகுநேரம் நின்றேன். யாரும் என்னைத் தேடி வரவில்லை. போன் அடித்தது. வக்கீல்.

“அப்பா, பாத்தீங்களா?”

“இல்லம்மா. இங்க கூட்டம் அம்முது. யாரும் நிக்க மாட்டாங்கன்னாங்களே.”

“அப்போ அது இல்லப்பா. பழைய ஊர்ல ஒரே ஒரு ஆர்ச்சா இருக்கும்? உள்ள போய்ப் பாருங்க. கூட்டம் இல்லாததாப் பாருங்க.”

உள்ளே போனேன். எனக்கு நடந்து பழக்கமில்லை. சாலை என்றால் எனக்குக் கண்ணாடிக்கு வெளியே ஓடுகிற ஒன்று. இங்கே சந்துகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, படி ஏறி, படி இறங்கி, போன இடத்துக்கே கொண்டுவந்து விட்டன. எங்கே பார்த்தாலும் வளைவு. வீட்டு வாசல் வளைவு, ஜன்னல் வளைவு, ஒரு வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் நடுவே முட்டுக் கொடுத்தது போல ஒரு வளைவு. இதில் எது பெரியது, எது சின்னது என்று எவன் கண்டான்? எந்தப் புத்திசாலி இப்படி ஊர் கட்டினான் என்று திட்டிக்கொண்டே போனேன். திட்டுவதற்காக ஒவ்வொன்றையும் நிமிர்ந்து பார்த்தேன்.

எங்கே திட்டுவதை நிறுத்தினேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேட்டுப்பாங்கான ஒரு சந்தில், ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு ஆர்ச். இதுவாகத்தான் இருக்கும் என்று வேகமாகப் போய் நின்றேன். ஒரு பூனை மட்டும் இருந்தது. பெருமூச்சு விட்டுச் சாய்ந்தபோது முழங்கைக்குக் கீழே கல் குழிந்திருந்தது. திரும்பிப் பார்த்தேன். வலது பக்கக் கல்லில் இடுப்பளவு உயரத்தில் நீளநீளமாகக் கீறல்கள். ஒன்றின்மேல் ஒன்றாக, விரல் புதைகிற ஆழத்துக்கு. இடது பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

எனக்கு அது என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. வண்டிச் சக்கரத்தின் அச்சு உரசிய தடம். கீழேயிருந்து மேடேறி வருகிறவன், வேகத்தை விட்டால் வண்டி பின்னால் உருண்டுவிடுமே என்ற பயத்தில், திரும்ப வேண்டிய இடத்துக்கு முன்பே திருப்பியிருக்கிறான். வலப்பக்கம் உரசியிருக்கிறான். அவன் மட்டுமில்லை, அவனுக்குப் பின்னால் வந்தவனும், அவன் மகனும், அவன் பேரனும். அத்தனை பேரும் இன்று காலை பஸ் ஓட்டியவன் செய்த அதே தப்பைச் செய்திருக்கிறார்கள். ‘அடப்பாவிகளா, வெளிப்பக்கம் ஒதுங்கி வாங்கடா’ என்று வாய்விட்டுச் சொன்னேன். பூனை எழுந்து போய்விட்டது. கீழே பார்த்தால், மூலையில் காலடியில் ஒரு மொட்டைக் கல் நட்டிருந்தது. உரசி உரசிச் சலித்துப்போன வீட்டுக்காரன் சுவரைக் காப்பாற்ற நட்டிருக்க வேண்டும். அந்தக் கல்லின் தலையும் தேய்ந்திருந்தது. அதிலும் மோதியிருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பேர் தெரியாத அந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் எங்கள் டிப்போவில் வேலை பார்த்தவர்கள் போல இருந்தது. கையை அந்தக் குழிவில் வைத்துத் தடவினேன். கல் குளிர்ச்சியாக இருந்தது. பிறகு என்ன தோன்றியதோ, ஆர்ச்சுக்கு நடுவில் நின்று வாயாலேயே ஹாரன் அடித்துப் பார்த்தேன். அது மேலே போய் உருண்டு திரும்பி வந்தது. வயசுக்கு ஏற்ற காரியமா இது? ஆனால் இன்னொரு தரமும் அடித்தேன்.

அதன்பிறகு நான் தேடிய விதமே மாறிப்போனது. அளவுக்காரம்மாவைத் தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு கல்லைத் தேடிப் போனேன். ஒரு ஆர்ச்சில் கல் அடுக்கியவன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வர வேண்டும் என்று தவித்திருக்கிறான், வரவில்லை, ஒரு பக்கம் ஒரு கல் அதிகம். இன்னொன்றில் உயரமான சரக்கு வண்டி நுழையட்டும் என்று பிற்பாடு யாரோ உச்சியைச் செதுக்கி எடுத்திருந்தார்கள். ஒன்றின் உட்புறம் முழுக்கப் புகைக் கறுப்பு. மழையில் ஒதுங்கியவர்கள் தீ மூட்டியிருப்பார்கள். இதையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வரிசை போட்டுக்கொண்டேன். சொல்ல ஒரு ஆள் இருக்கிறார் என்ற நினைப்பே எனக்குப் புதிதாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சொல்ல எதையும் நான் கவனித்து வைத்துக்கொண்டு ரொம்ப நாளாகியிருந்தது.

ஆனால் அந்த ஆளைத்தான் காணோம். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. எங்கேயோ ஒரு பெண் எனக்காக நின்றுகொண்டிருக்கிறார். மூன்றாவது தடவையாக நின்றுகொண்டிருக்கிறார். நானோ இங்கே பூனைக்கு ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாச் சந்தும் ஒரே மாதிரி இருந்தது. எங்கிருந்து வந்தேன், எது பார்த்தது, எது பார்க்காதது எதுவும் விளங்கவில்லை. வியர்த்துக் கொட்டியது.

ஒரு டீக்கடை. கடைக்காரம்மா கெட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, இந்த ஊர்ல பெரிய வளைவு, பெரிய வளைவுங்கறாங்களே, அது எங்க இருக்கு?”

“பஸ்ஸுல வந்தீங்களா?”

“ஆமா.”

“அப்ப அதுமேலதான வந்திருப்பீங்க. மதில் பக்கத்துல பஸ் முக்கி மொனகித் திரும்புமே, அதான் பெரிய வளைவு.”

“அது ரோடு வளைவும்மா. நான் கேக்கறது ஆர்ச்சு. கல்லுல கட்டினது.”

“அத இங்க யாரும் வளைவுன்னு சொல்ல மாட்டாங்களே. வாசல்னுதான் சொல்வோம். கடைவாசல், மேட்டுவாசல், பூனைவாசல்னு பேரே இருக்கு. வளைவுன்னா ஒண்ணே ஒண்ணுதான். யாரும் அங்க நிக்கக்கூட மாட்டாங்க, பஸ்ஸு இடிச்சிடுமேன்னு பயம்.”

வளைவு. நான் தினமும் ஏறி இறங்குகிற மலையில் எத்தனை வளைவு! ஒவ்வொன்றுக்கும் நெற்றியில் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். அந்த வார்த்தையை வைத்துத்தான் நான் சோறு தின்கிறேன். டிரைவரிடம் பேசுகிறோம் என்று அவர் டிரைவருக்குப் புரிகிற வார்த்தையாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். ‘உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்’ என்று வேறு சொன்னார். நானும் மகளும் சேர்ந்து அதற்குப் பொழிப்புரை எழுதியிருக்கிறோம். மஞ்சள் குடை கண்முன் வந்தது. பஸ் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாரே, அந்த அம்மா. என் ஜன்னலையும்தான் பார்த்தார். அப்போது நான் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மணிக்கூண்டு அடிக்க ஆரம்பித்தது.

ஓடினேன். ஓடினேன் என்றால் என் உடம்புக்கு எது ஓட்டமோ அது. மணி அடித்து ஓய்ந்தபோது இன்னும் பாதி வழிதான் வந்திருந்தேன். மதிலை அடைந்தபோது மூச்சு வாங்கிக் கண் இருட்டியது. மதிலோரம் யாரும் இல்லை. எதிரே வருகிற வண்டி தெரிவதற்காக நட்டிருந்த உருண்டைக் கண்ணாடியும் ‘ஹாரன் அடிக்கவும்’ என்ற பலகையும்தான் இருந்தன.

அப்போது எனக்கு வந்த துக்கத்தை மறைத்துச் சொல்ல மாட்டேன். முன்பின் பார்க்காத ஒரு பெண் போய்விட்டாரே என்று நடுத்தெருவில் எனக்கு அழுகை வந்தது. அந்த இரண்டு பேரோடு நானும் மூன்றாவதாகச் சேர்ந்துவிட்டேன். வரவில்லை என்றுதான் அவர் நினைப்பார்.

“மஞ்சக் குடை வெச்சிருந்த அம்மாவத் தேடறீங்களா?” எதிர்க்கடையிலிருந்து தையல்காரர் எட்டிப் பார்த்தார். “காலையில இருந்து அங்கயேதான் நின்னாங்க. மணி அடிச்சதும் நாலு எட்டு வெச்சாங்க. அப்புறம் நின்னு தனக்குத்தானே ஏதோ பேசிக்கிட்டாங்க. ‘ஐயையோ, வாசல்னு நெனச்சிருப்பாரோ’ன்னாங்க. அவ்ளோதான், குடையக்கூட விரிக்காம உள்ள ஓடுனாங்க.”

“எந்தப் பக்கம்?”

“கடைவாசல் பக்கம் போற மாதிரிதான் தெரிஞ்சுது. ஆனா அங்க போனா அடுத்த வாசலுக்குத்தான போவாங்க? இந்த ஊர்ல வாசலுக்கா பஞ்சம்?”

பாய்ந்து ஓடப் பார்த்தேன். ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டேன். பிறகுதான் புத்தி வந்தது. அவர் ஒரு சந்தில் என்னைத் தேட, நான் இன்னொரு சந்தில் அவரைத் தேட, பொழுது சாய்கிறவரை இரண்டு பேரும் இந்த ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கலாம். மலை ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் குறுகலான வளைவில் எதிரெதிரே வந்தால் ஒன்று நிற்க வேண்டும். இரண்டும் நகர்ந்தால் தீர்ந்தது கதை. வழக்கமாக நிற்கிறவன் நானில்லை. எதிரே வருகிறவன்தான் நிற்க வேண்டும் என்று கத்துகிறவன் நான். அன்றைக்கு நின்றேன். காலையில் அவர் நின்ற அதே இடத்தில், மதிலை ஒட்டி நின்றேன்.

பஸ்கள் வந்தன. ஒவ்வொன்றும் என் தோளை உரசிக்கொண்டுதான் திரும்பியது. ஜன்னல்களில் இருந்தவர்கள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். ஒருத்தருக்காக இங்கே காத்து நிற்பது என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிழல் கிடையாது. உட்கார இடம் கிடையாது. ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பத் தோன்றுகிறது. இப்படி இருட்டும்வரை ஒருவனுக்காக நின்றிருக்கிறார். அவன் மட்டும் என் கையில் கிடைத்தால்!

உருண்டைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் தெருவே கோணலாக வளைந்து கிடந்தது. வெகுநேரம் கழித்து அதன் ஓரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. அது பெரிதாகிக்கொண்டே வந்தது. மடக்கிய குடை. வேகமாக வருகிற கால்கள். அவர் திருப்பத்தைத் தாண்டி வருவதற்கு முன்பே அவரைப் பார்த்துவிட்டேன்.

என்னைக் கண்டதும் நின்றார். முகமெல்லாம் வியர்வை.

“நீங்கதானே?”

“நான்தாங்க.”

“காலையில இருந்து எங்க போயிருந்தீங்க?”

“எல்லா வளைவுக்கும்.”

அவர் குடையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். “டிரைவராச்சேன்னு யோசிச்சு யோசிச்சு உங்க பாஷையில சொன்னேன்.”

“நான் உங்க பாஷையிலன்னு நெனச்சுக் கேட்டேங்க. வெனையே அதுதான்.”

சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

“மணி அடிச்சா போயிடுவேன்னு சொன்னீங்களே” என்றேன்.

“போகத்தான் கெளம்பினேன். அந்த ரெண்டு பேருக்கு நின்னப்ப, அவங்க வர மாட்டாங்கன்னு கொஞ்ச நேரத்துலயே உள்ளுக்குள்ள தெரிஞ்சுடுச்சு. தெரிஞ்சும் நின்னேன். இன்னைக்கு என்னமோ அப்படித் தோணல. இவரு வந்துட்டாரு, எங்கயோ தப்பான எடத்துல நின்னு முழிச்சுக்கிட்டு இருக்காருன்னுதான் தோணுச்சு.”

கண்ணில் தூசி விழுந்தது போலத் துடைத்துக்கொண்டேன்.

“சரி, இவ்வளவு வாசல் பாத்தீங்களே. எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருக்கு” என்று வாயில் வந்துவிட்டது. வக்கீல் தலையில் அடித்துக்கொள்வது கண்ணில் தெரிந்தது. அவசரமாகத் தொடர்ந்தேன். “மேட்டுச் சந்துல ஒரு வாசல், பூனை ஒண்ணு படுத்திருக்கும். வலது பக்கக் கல்லுல மட்டும் கீறல். ஏறி வர்ற வண்டிக்காரன் பூரா பேரும் அவசரப்பட்டு முன்னாடியே ஒடிச்சிருக்கான்.”

அவர் முகம் அப்படியே மாறியது. “அதப் பாத்தீங்களா? தொட்டுப் பாத்தீங்களா?”

“கைய வெச்சேன். சில்லுன்னு இருந்துச்சு.”

“நான் அந்தப் பக்கம் போறப்பல்லாம் தொட்டுட்டுத்தான் போவேன். யாருகிட்டயாவது காட்டினா, கல்லுல என்ன இருக்கும்பாங்க.” என் முழங்கையைப் பார்த்தார். சட்டையில் சுண்ணாம்புப் பொடி ஒட்டியிருந்தது. தட்டிவிடக் கை நீட்டி, பாதியில் தயங்கி, பிறகு தட்டியே விட்டார்.

போன் அடித்தது.

“அப்பா! மணி என்ன ஆச்சு தெரியுமா? பாத்தீங்களா இல்லையா? இப்ப எங்கதான் இருக்கீங்க?”

“வளைவுல” என்றேன்.

“ஐயோ, எந்த வளைவுலப்பா?”

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. அவர் மதிலோடு ஒட்டி ஒதுங்கி, எனக்கும் கொஞ்சம் இடம் விட்டார்.

“இவங்க நிக்கிற வளைவுல” என்றேன்.